கொல்லும் நகைச்சுவைக்கு ஒரு மெய்க்கீர்த்தி

அமெரிக்க மண்ணில் அச்சேறிய சூப்பர் ஹீரோ கிராபிக் நாவல்களுள் மாட்சிமை மிக்கதும், விருதுகளால் முழுக்காட்டப்பெற்றதும், விமர்சகர் பெருமக்களால் வெண்சாமரம் வீசப்பெற்றதும், ஐம்பது பக்கங்கூட எட்டாத தன் மெல்லிய மேனிக்குள் மனிதப் பைத்தியத்தின் முழு ஆழத்தையும் அடக்கிக் காட்டியதாகக் கொண்டாடப்பெறுவதுமாகிய ‘பேட்மேன்: தி கில்லிங் ஜோக்’ என்னும் திருநூலுக்கு இந்தப் புகழ்மாலையைச் சூட்டுகிறேன். 1988ஆம் ஆண்டில் டிசி நிறுவனத்தார் இதை வெளியிட்டருளினர். எழுதியவர் ஆலன் மூர். வரைந்தவர் பிரையன் பொலாண்ட். வண்ணம் ஏற்றியவர் ஜான் ஹிக்கின்ஸ். மூவரும் இங்கிலாந்து ஈன்ற மணிகள். மூரும் ஹிக்கின்ஸும் பங்குகொண்ட ‘வாட்ச்மென்’ காமிக்ஸ் தொடர் அதற்கு முந்தைய ஆண்டுதான் நிறைவெய்தியிருந்தது. அதைப் படித்த மயக்கம் தெளியாமல் இதைக் கையில் எடுக்கும் வாசகர், இன்னும் உயரத்தில் எதையோ எதிர்பார்த்துத் தலையை நிமிர்த்துவது இயல்பு. அவ்வாறு நிமிர்ந்தவர் கண்ணில் படாமல், மிகவும் தாழ்ந்ததோர் இடத்தில் தன்னடக்கத்தோடு வீற்றிருப்பதே இந்நூலின் முதற்பெருமை.

இதன் கீர்த்தியை விரித்துரைக்க ஆயிரம் நா வேண்டும். 1989இல், காமிக்ஸ் படைப்புகளுக்கான ஐஸ்னர் விருதை வழங்குவோர் சிறந்த நூல், சிறந்த எழுத்தாளர், சிறந்த ஓவியர் என மும்முடி சூட்டினர். திரையில் பேட்மேனை உயிர்ப்பித்த இயக்குநர் டிம் பர்ட்டன், தமக்கு மிகவும் பிடித்த காமிக்ஸ் இதுவே என்று திருவாய் மலர்ந்தார். ‘தி டார்க் நைட்’ படத்தில் பேட்மேனின் பகைவன் ஜோக்கராக வாழ்ந்து மறைந்த ஹீத் லெட்ஜரின் கையிலும், வேடத்துக்கான பாடநூலாக இதுவே வைக்கப்பட்டது. இத்தனை சான்றோர் வணங்கிய சந்நிதியில் குறை காணத் துணிபவர் யார்? நானும் கைகூப்பியே உள்ளே செல்கிறேன். கண்டவற்றைக் கண்டபடியே போற்றுகிறேன்.

முதலில் ஓவியத்தைப் போற்றுவோம். பொலாண்டின் கோடுகளில் ஒரு சிறு பிசிறு உண்டா? ஒரு நிழல் தடம் மாறியதுண்டா? மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியே வார்த்தெடுத்தாற்போல் விழுகிறது. ஜோக்கரின் பல்வரிசையில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குணச்சித்திரம் உண்டு. ஒளவைப் பிராட்டி தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று, பீலி அணிந்து நெய் பூசிப் பொலிந்த அவ்வேல்களைக் கண்டு எவ்வாறு வியந்தாரோ, அவ்வாறே இப்பக்கங்களைக் கண்டு வியக்கிறேன். இத்துணை அழகிய கருவி எந்த வேலைக்காகத் தீட்டப்பட்டது என்று மட்டும் கேட்கக் கூடாது. ஒரு பெண்ணின் வயிற்றில் குண்டு பாயும் கணத்தை உலகின் மிகத் தூய கோடுகளால் வரைந்து காட்டும் பேறு எல்லா ஓவியருக்கும் வாய்ப்பதில்லை. கண்ணாடி மேசை நொறுங்குகிறது. அதன் ஒவ்வொரு சில்லும் தெளிவாகத் தெரிகிறது. சில்லுகளுக்குக் கிட்டிய இந்தக் கவனம் அவற்றின்மேல் விழுந்தவளுக்கும் கிட்டியதா என்று ஆராய்வது, கோலத்தைப் பார்க்காமல் புள்ளியை எண்ணுவதாகும்.

பொலாண்ட் பெருமான் எவ்வளவு பொறுப்பு மிக்கவர் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஹிக்கின்ஸ் அளித்த வண்ணங்கள் தாம் மனத்தில் கண்டவையல்ல என்று அவர் நெடுங்காலம் வருந்தினார். நூல் இருபதாண்டு நிறைந்த 2008இல், சிறப்புப் பதிப்புக்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் தம் கையாலேயே மீண்டும் வண்ணம் தீட்டினார். ஜோக்கரின் கடந்தகாலக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஆங்காங்கே ஒரு பொருளுக்கு மட்டும் நிறம் கொடுத்தார். பேட்மேன் மார்பிலிருந்த வௌவால் சின்னத்தைச் சூழ்ந்த மஞ்சள் வட்டத்தையும் நீக்கினார். இருபதாண்டுகள் இந்நூலை நெஞ்சில் சுமந்து, பக்கம் பக்கமாகத் திரும்பப் பார்த்து, இதில் திருத்தத் தக்கது அந்த மஞ்சள் வட்டம் என்று கண்டுபிடித்த நுண்மாண் நுழைபுலத்தை எப்படிப் பாராட்டுவது!

இனிக் கதையின் திருவுள்ளத்தைப் பார்ப்போம். ஆர்க்கம் மனநல விடுதியிலிருந்து தப்பிய ஜோக்கருக்கு ஒரு தத்துவ ஐயம். உலகிலேயே மிகத் தெளிந்த மனிதனைக்கூட ஒரே ஒரு கெட்ட நாள் பித்தனாக்கிவிடும் என்பது அவர் கொள்கை. அதை மெய்ப்பிக்க வேண்டும். காதம் நகரக் காவல் ஆணையர் ஜிம் கார்டன் அந்த ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். கார்டனுக்குக் கெட்ட நாளை வரவழைக்க எளிய வழி எது? அவருடைய மகளைச் சுடுவது. தத்துவம் என்றால் இப்படியன்றோ இருக்க வேண்டும்! ஏதென்ஸ் நகரத்துப் பெரியவர்கள் வாதம் செய்தே காலத்தை வீணாக்கினார்கள். ஒரு துப்பாக்கியும் கேமராவும் இருந்திருந்தால் எவ்வளவு விரைவில் முடிவுகளை எட்டியிருப்பார்கள்!

அந்த மகளின் பெயர் பார்பரா கார்டன். 1967 ஜனவரித் தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 359ஆம் இதழில் கார்ட்னர் ஃபாக்ஸின் எழுத்திலும் கார்மைன் இன்ஃபன்டினோவின் ஓவியத்திலும் பிறந்தவள். முனைவர் பட்டம் பெற்றவள். பகலில் நூலகர், இரவில் பேட்கேர்ள். பேட்மேன் யாரையும் கேட்டு முகமூடி அணியவில்லை; அவளும் பேட்மேனைக் கேட்டு அணியவில்லை. பின்னர் அமெரிக்கக் காங்கிரசுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டு வாஷிங்டன் சென்றாள். தொலைக்காட்சித் தொடரில் ஈவான் கிரெய்க் அவள் வேடம் பூண்டபோது, முகமூடிக்குள் தங்கள் முகம் இருக்கக்கூடும் என்று முதன்முறையாக எண்ணிக்கொண்ட சிறுமியர் எத்தனையோ பேர். இருபத்தோராண்டுகள் இப்படி உழைத்து அவள் சேர்த்த புகழ் பெரிது.

அப்புகழை இந்நூல் எத்துணைச் சிக்கனமாகச் செலவு செய்கிறது என்று பாருங்கள். அவள் வீட்டில் இருக்கிறாள். தந்தை பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார், கோகோ தயாராகிறது, பசை சிந்தியதற்குச் செல்லமாகக் கடிந்துகொள்கிறாள். அழைப்புமணி ஒலிக்கிறது. யோகா வகுப்புத் தோழி வந்திருப்பாள் என்று கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, தந்திரம் இல்லை, தற்காப்புக்கு ஓர் அடி இல்லை. முகமூடியணிந்து ஒரு கட்டத்தில்கூடப் போரிடும் துன்பம் அவளுக்குத் தரப்படவில்லை. இருபத்தோராண்டு வாழ்க்கையை ஒரு தாழ்ப்பாள் விலகும் நேரத்தில் முடித்துக் காட்டும் கலைநயம் கம்பனுக்கும் கைவராதது. அதே 1988இல், அவள் முகமூடியைக் கழற்றி ஓய்வு பெறுவதைச் சொல்ல ஒரு தனியிதழும் போட்டார்கள். பலியாட்டுக்குப் பூச்சூடாமல் வெட்டுவது மரபன்று என்பதை டிசி நிறுவனத்தார் அறிவர்.

சுடப்பட்டு வீழ்ந்தவளின் அருகே நின்று ஜோக்கர் பொழியும் சிலேடை மழையை என்னென்பேன்! அவள் நூலகர் அல்லவா? ஆகவே முதுகெலும்பு உடைந்த அவள் உடலை, முதுகு கிழிந்த புத்தகமாகவும் மேலட்டை ஓட்டையான புத்தகமாகவும் உருவகித்து விளையாடுகிறார். சிலேடைக்கெனவே பிறந்த காளமேகப் புலவரும் இந்தப் பக்கத்தைக் கண்டால் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடுவார். பிறகு அவள் ஆடைகளைக் களையத் தொடங்குகிறார். அடுத்து நடப்பதை நூல் நாகரிகமாக நம் கற்பனைக்கு விடுகிறது. எடுத்த புகைப்படங்களைக் காட்டுவதை மட்டும் விடவில்லை. ரத்தத்தில் கிடக்கும் அவளது நிர்வாணம் பேருருவப் படங்களாகக் கேளிக்கைப் பூங்காவின் பேய்வண்டிச் சவாரியில் தொங்குகிறது. நிர்வாணமாக்கப்பட்ட தந்தை அவற்றின் வழியே இழுத்துச் செல்லப்படுகிறார். பின்னணியில் ஜோக்கர் பாடுகிறார். ஒரு பெண்ணின் வேதனையை அவளுக்குச் சொந்தமில்லாத பொருளாக்கி, ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு அனுப்பும் ஓலையாக மாற்றிய இந்த வித்தையை, முதிர்ந்த வாசகருக்கான முதிர்ந்த காமிக்ஸ் என்று அறிஞர்கள் பெயரிட்டு அழைத்தார்கள். முதிர்ச்சிக்கு இதைவிடப் பழுத்த சான்று வேண்டுமா?

அந்தக் கேமரா அட்டையிலும் இருக்கிறது. புன்னகைக்கச் சொல்லி, ஜோக்கர் அதை நம்மை நோக்கியே நீட்டுகிறார். உள்ளே எதைப் படம்பிடித்தது என்று அறிந்த பிறகும் அந்த அட்டையைச் சுவரொட்டியாகவும் டி-சர்ட்டாகவும் பொம்மையாகவும் வாங்கி மகிழ்ந்த ரசிக உள்ளங்கள் வாழ்க. கலை எங்கே கலந்துவிடுகிறதோ, அங்கே கேமராவின் முன்னால் கிடந்தவள் யார் என்ற சில்லறைக் கேள்வி கரைந்துவிடுகிறது.

அவளை நூல் அடியோடு மறந்துவிட்டது என்று சொன்னால் நாக்கு அழுகும். மருத்துவமனையில் அவளுக்குச் சிறிது இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இனி அவள் நடக்க முடியாது என்ற செய்தி, அவள் கட்டிலைச் சுற்றி நிற்கும் ஆண்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவுகிறது. அவள் கண் விழிக்கிறாள். விழித்ததும் தன் உடலைப் பற்றியோ, தனக்கு நடந்ததைப் பற்றியோ, நாளை எப்படி வாழ்வது என்பதைப் பற்றியோ பேசி நூலின் நேரத்தைக் கெடுக்கவில்லை. தந்தைக்கு என்ன ஆகுமோ, ஜோக்கர் எந்த எல்லைக்குப் போவாரோ என்றே துடிக்கிறாள். பேட்மேனுக்குத் தேவையான தகவல் கிடைத்ததும் காட்சி முடிகிறது. பிறகு அவளை நாம் காண்பது அந்தப் புகைப்படங்களில் மட்டுமே. இவ்வளவு கடமையுணர்ச்சி உள்ள பாத்திரம் உலக இலக்கியத்தில் அரிது: வந்தாள், சுடப்பட்டாள், துப்புக் கொடுத்தாள், விலகினாள்.

ஆராய்ச்சியின் முடிவு என்ன? கார்டன் பித்தராகவில்லை. ஜோக்கரைச் சட்டப்படியே பிடித்து வர வேண்டும் என்று அவர் பேட்மேனிடம் வலியுறுத்துகிறார். ஆகவே ஜோக்கரின் கொள்கை தோற்றது. மனித உறுதி வென்றது. விமர்சகர் கண்கள் பனித்தன. இந்த நீதிமன்றத்தின் நேர்த்தியை ஊன்றிக் கவனியுங்கள். ஒரே ஒரு கெட்ட நாள் மனிதரைப் பித்தராக்குமா என்பது வழக்கு. அந்த நாள் யாருடைய முதுகெலும்பில் விழுந்ததோ அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. தந்தையைக் கேட்டார்கள், குற்றவாளியைக் கேட்டார்கள், காவலனான பேட்மேனைக் கேட்டார்கள். மூன்று ஆண்களின் வாக்குமூலத்தோடு தீர்ப்பு எழுதி முத்திரையும் வைத்துவிட்டார்கள். நான்காவது சாட்சிதான் இந்த வழக்கை ஒரே சொல்லில் முடித்திருப்பாள் என்று மெலிந்த குரலில் சிலர் முனகலாம். வழக்கு அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டால் அமர இலக்கியம் எங்கிருந்து வரும்?

ஜோக்கரின் துயரக் கதைக்கு நூல் வழங்கும் தாராளத்தையும் மறக்கலாகாது. ஒரு காலத்தில் அவர் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவி. மேடை நகைச்சுவையாளராக ஆசைப்பட்டு வேலையை விட்டவர். யாரும் சிரிக்கவில்லை. வாடகை பாக்கி, மனைவி ஜீனி கர்ப்பிணி. பணத்துக்காகத் திருடர்களுக்கு வழிகாட்ட ஒப்புக்கொள்கிறார். சிவப்பு முகமூடியோடு பழைய தொழிற்சாலைக்குள் போய், பேட்மேனைக் கண்டு மிரண்டு, ரசாயனத்தில் வீழ்ந்து, வெளுத்த முகத்தோடு எழுகிறார். சிவப்பு முகமூடிக் கதை 1951லேயே ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 168ஆம் இதழில் வந்ததுதான். மூர் அதற்குக் கண்ணீரைச் சேர்த்தார். அந்தக் கண்ணீருக்கு விறகானவள் ஜீனி. குழந்தைக்குப் பால் சூடாக்கும் கருவியைச் சோதிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்துபோனாள் என்று இரண்டு போலீஸ்காரர்கள் மதுக்கடையில் வந்து சொல்கிறார்கள். சாவதற்குக்கூட அவளுக்கு ஒரு கட்டம் கொடுத்துப் பக்கத்தை வீணாக்கவில்லை. ஒருத்தி செத்தால் வில்லன் பிறக்கிறான். இன்னொருத்தி முடமானால் வில்லனின் தத்துவம் பிறக்கிறது. நூலில் கதையின் போக்கை மாற்றும் பெண்கள் இருவர். இருவரும் விழுவதாலேயே அதை மாற்றுகிறார்கள். தாராளத்தையும் சிக்கனத்தையும் ஆண், பெண் என்று பிரித்து ஒரே தராசில் நிறுத்த வல்லவர் நம் ஆசிரியர்.

இத்தனை கண்ணீரையும் வடித்த பிறகு, தன் கடந்தகாலம் தனக்கே ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நினைவுக்கு வருகிறது என்று ஜோக்கர் சொல்லிவிடுகிறார். ஆக, நாம் அழுத கதை நடந்ததோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. வாசகரின் இரக்கத்தை வாங்கிக்கொண்டு ரசீது தராமல் அனுப்பும் இந்த வணிக நேர்மையை விமர்சகர்கள் ‘நம்பகமற்ற கதைசொல்லல்’ என்று வணங்குகிறார்கள். ஜோக்கரின் வேதனை பொய்யாக இருக்கலாம். அதற்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. பார்பராவின் வேதனை ஐயத்துக்கு இடமின்றி மெய். ஆகவே அதை விளக்கத் தேவை இல்லை.

இனி உச்சி. மழையில், காவல் வண்டிகள் வந்துகொண்டிருக்க, பேட்மேன் ஜோக்கருக்குக் கை நீட்டுகிறார். உனக்கு நான் உதவுகிறேன், நாம் இருவரும் ஒருவரையொருவர் கொன்றுதான் தீர வேண்டும் என்பதில்லை என்கிறார். கருணைக் கடல்! மருத்துவமனையில் தன் கையைப் பற்றிக்கொண்டவளிடம் சொல்ல அவரிடம் இத்தனை சொற்கள் இருக்கவில்லை. காலம் கடந்துவிட்டது என்று ஜோக்கர் மறுத்து, இரண்டு பைத்தியக்காரர்களைப் பற்றிய ஒரு துணுக்கைச் சொல்கிறார். பேட்மேன் சிரிக்கிறார். ஜோக்கரின் தோளைப் பற்றிக்கொண்டு சிரிக்கிறார். அவள் சுடப்பட்டு இன்னும் புண்கூட ஆறவில்லை. அவள் தந்தையின் மேல் அந்தச் சவாரியின் அழுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது. அந்த நிலையிலும் நல்ல நகைச்சுவை காதில் விழுந்தால் வாய்விட்டுச் சிரிக்கும் ரசனையே காவிய நாயகனுக்கு அழகு. இருவரும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று அறிஞர்கள் இதிலிருந்து தெளிந்தார்கள். அந்த நாணயத்தால் எதை வாங்கினார்கள் என்பதை அவர்கள் எழுதவில்லை.

கடைசிக் கட்டங்களில் சிரிப்பு நிற்கிறது. மழைநீரில் விழுந்த ஒளிக்கீற்றும் மறைகிறது. பேட்மேன் ஜோக்கரைக் கொன்றுவிட்டாரா? எழுத்தாளர் கிராண்ட் மோரிசன் 2013இல், ஆம், கழுத்தை முறித்துவிட்டார் என்று விளக்கமளித்தார். இணையமெங்கும் விவாதம் தீயாய்ப் பரவியது. ஜோக்கரின் கழுத்து எலும்பைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டிய உலகம், இன்னொருத்தியின் முதுகெலும்பைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்காதீர்கள். முன்னது புதிர், பின்னது முடிந்துபோன செய்தி. புதிர்களுக்கே ஆய்வேடு உண்டு.

இந்த அரும்பணியில் பதிப்பகத்தாரின் பங்கையும் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். பார்பராவை முடமாக்கலாமா என்று தாம் முன்கூட்டியே கேட்டதாகவும், அவளை ஓர் இழிசொல்லால் சுட்டி, முடமாக்கிவிடுங்கள் என்று தமக்கு ஒப்புதல் வந்ததாகவும் மூர் பின்னாளில் பேட்டியில் சொன்னார். பேட்மேனையோ ஜோக்கரையோ இப்படிச் செய்ய அனுமதி கேட்டிருந்தால் எத்தனை கூட்டம், எத்தனை கடிதம், எத்தனை வழக்கறிஞர்! இவளுக்கு ஒரு சொல்லே போதுமாயிற்று. நிர்வாகத் திறன் என்பது இதுதான்.

பெருநூல் வழிநூல்களை ஈன்றே தீரும். இதன் வழித்தோன்றல்களும் குலப்பெருமையைக் காத்தன. 1994இல் ‘க்ரீன் லாண்டர்ன்’ 54ஆம் இதழில் நாயகனின் காதலி கொல்லப்பட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டாள். நாயகர் மனம் கொதிப்பதற்காகக் கொல்லப்பட்ட, கெடுக்கப்பட்ட, முடமாக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999இல் கெயில் சிமோன் பட்டியலிட்டபோது, அப்பட்டியலுக்கு அந்தப் பெட்டியே பெயர் தந்தது. பார்பராவும் அதில் தக்க இடம் பெற்றாள். 2015இல் இளைய வாசகியருக்கென வெளிவந்துகொண்டிருந்த ‘பேட்கேர்ள்’ தொடருக்கு ஒரு மாற்று அட்டை வரையப்பட்டது: அவள் தோளில் துப்பாக்கிக் கையைப் போட்டு நிற்கும் ஜோக்கர், அவள் கண்ணில் நீர், முகத்தில் ரத்தத்தால் எழுதிய புன்னகை. எதிர்ப்பு எழுந்ததும் ஓவியர் ரஃபேல் அல்புகர்க்கே அதைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். குருபக்தி குறைந்த செயல் அது. 2016இல் நூல் அனிமேஷன் படமானது. பார்பராவுக்கு இடம் போதவில்லை என்ற குறையை உணர்ந்து, தொடக்கத்தில் அவளுக்கென நீண்டதொரு முன்கதையைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதில் அவள் என்ன சாதித்தாள்? தன் குருவாகிய பேட்மேனோடு மாடியில் உறவுகொண்டாள், அவர் பேச அழைக்கவில்லையே என்று ஏங்கினாள், முகமூடியைக் கைவிட்டாள், பிறகு சுடப்பட்டாள். ஒரு பெண்ணுக்குக் கூடுதல் இடம் என்றால் இந்த மரபில் இதுவே அதன் அளவு.

இவ்வளவு புகழுக்கும் நடுவே நன்றி மறந்தவர் ஒருவர் உண்டு. வேறு யாருமல்லர், ஆலன் மூரேதான். இதைத் தம் நல்ல படைப்புகளில் ஒன்றாகக் கருதவில்லை என்றும், வன்முறை அளவு மீறியது என்றும், பேட்மேனும் ஜோக்கரும் மெய்யுலகில் யாரையும் போன்றவர்கள் அல்லர், ஆகவே இந்நூல் மனித வாழ்வைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்றும் அவர் பல பேட்டிகளில் சொல்லிவிட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இங்கே காக்கையே இது பொன் அன்று என்று கத்திய பிறகும், ஊரார் கூடி நின்று பொன்னே, பொன்னே என்று சாதிக்கிறார்கள். இப்படியொரு பேறு வேறெந்த நூலுக்கு வாய்த்தது?

புகழ்மாலையைக் கட்டி முடிக்குமுன், இந்நூலின் திருமேனியில் பட்ட ஒரே களங்கத்தையும் சொல்லிவிடுவது கடமை. கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்னும் எழுத்தாளத் தம்பதியர், பார்பரா கார்டனை இப்படிக் கிடத்திவிட்டுப் போனதைக் கண்டு மனம் பொறாமல், 1989 ஜனவரித் தேதியிட்ட ‘சூயிசைட் ஸ்குவாட்’ 23ஆம் இதழில் ‘ஆரக்கிள்’ என்ற பெயரில் முகம் காட்டாத ஒரு தகவல் வல்லுநரைக் கொண்டுவந்தார்கள். அது சக்கர நாற்காலியில் அமர்ந்த பார்பராவே என்று பிறகு வெளிப்பட்டது. அவள் கணினியை ஆண்டாள். நாற்காலியில் இருந்தபடியே கோல்சண்டை கற்றாள். பேட்மேனுக்கே தகவல் தேவைப்பட்டால் அவளிடம் கேட்க வேண்டியதாயிற்று. 1996 முதல் ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ என்ற தன் அணியையே நடத்தினாள். 2011இல் டிசி நிறுவனத்தார் மீண்டும் அவளை நடக்கவைக்கும்வரை, இருபதாண்டுகளுக்கு மேல், நடக்க இயலாத ஒரு நாயகி சூப்பர் ஹீரோக்களின் உலகில் யாருடைய இரக்கத்தையும் கேட்காமல் வேலை பார்த்தாள். ஊனமுற்ற வாசகர் பலர் அவளைத் தங்களவளாகக் கொண்டார்கள்.

இது ‘தி கில்லிங் ஜோக்’ நூலுக்கு இழைக்கப்பட்ட துரோகம். அந்த ஒரு கெட்ட நாளுக்குப் பிறகும் மனிதர் மனிதராகவே இருக்க முடியுமா என்ற கேள்விக்கு, அந்தக் கெட்ட நாள் உண்மையிலேயே யாருக்கு நேர்ந்ததோ அவளை எழுப்பி உட்காரவைத்து, மாத இதழின் மலிவுத் தாளில் இருவர் பதில் எழுதிவிட்டார்கள். மழையும் சிரிப்பும் மணிமணியான கோடுகளும் சேர்ந்தும் எட்டாத முடிவு அது.

ஆகவே அறிஞர் அவைக்கு என் விண்ணப்பம் இது: விருதுகளைத் திரும்பக் கேட்காதீர்கள், அவை உரிய இடத்திலேயே இருக்கின்றன. ‘தி கில்லிங் ஜோக்’ 1989இல் பெற்ற மூன்று ஐஸ்னர்களும் ஒரு பெண்ணை வீழ்த்தியதற்காக நியாயமாகக் கிடைத்தவை. அதே ஆண்டில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். அதில் இந்நூலுக்கு எள்ளளவும் பங்கில்லை.